இரண்டு ஆட்டத்தில் முடிந்த சீசன்: ரட்கர்ஸ், பிரின்ஸ்டன், 1869

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி அணியின் கால்பந்து சீசன் எவ்வளவு நீளம் என்று கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் வராது. வருஷத் தொடக்கத்தில் புதுப் பையன்கள் சேர்வார்கள். காலை ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வரச் சொல்வோம், பாதிப் பேர் வருவார்கள். அப்புறம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அறிவிப்பு வரும். நாக்-அவுட் என்றால் முதல் சுற்றில் தோற்ற அணிக்கு அன்றைக்கே கதை முடிந்தது. நன்றாக ஆடிய ஓரிருவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகித் தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள். மற்றவர்கள் பூட்ஸைக் கழுவி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒன்றிரண்டு ஆட்டத்தில் முடிகிற சீசனில் ஆராய என்ன இருக்கிறது என்று உடற்கல்வி மாணவர்கள் கேட்பதுண்டு. அதற்காகவே நான் எடுத்துக்கொள்ளும் நிகழ்வு, 1869 நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் முதல் சீசன் என்று பதிவாகியிருப்பது அதுதான். இரண்டு கல்லூரி, இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஒரு வெற்றி. மூன்றாவது ஆட்டம் பேசப்பட்டு, நடக்காமலே போனது.

அந்த சீசனைப் பற்றி என் கணிப்பு இது: விசில் ஊதுவதற்கு முன்பே, யாருடைய கிரவுண்டு, யாருடைய விதி என்று பேசி முடித்தபோதே பெரும்பகுதி தீர்மானமாகிவிட்டது. முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு கேப்டனின் மூளை அதற்கு மேல் வேலை செய்தது. இதை இனி விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடுகிற ஆட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். 1869-இல் ஆடியது அது இல்லை. பந்தைக் கையில் எடுத்து ஓடினால் ஃபவுல். இன்று அந்த ஆட்டத்தைப் பார்த்தால் நம் கோட்டை மைதானத்துப் பையன்கள், இது நம்ம ஆட்டம்தானே, ஏன் இத்தனை பேர் என்றுதான் கேட்பார்கள்.

இரு கல்லூரிக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு

தூரத்து அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றி வேலூர்க்காரனுக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். கேட்டவர் ஊரீசு கல்லூரி வாசலைத் தாண்டித்தான் வந்திருப்பார்.

ரட்கர்ஸ் கல்லூரி 1766-இல் குயின்ஸ் கல்லூரி என்ற பெயரில் டச்சு சீர்திருத்தத் திருச்சபையினர் தொடங்கியது. அதே திருச்சபைதான் 1853-இல் ஆற்காடு மிஷனை ஆரம்பித்தது. வேலூரில் அந்த மிஷனின் பள்ளி 1898-இல் கல்லூரியானது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ரால்ஃப், எலிசபெத் வூர்ஹீஸ் தம்பதியின் நன்கொடையால் அதற்கு வந்த பெயரைத்தான் நாம் நம் வாய்க்கு ஏற்ற மாதிரி ஊரீசு என்று மாற்றிக்கொண்டோம். ரட்கர்ஸில் பழைய நூலகக் கட்டடம் ஒன்றுக்கும் அதே ரால்ஃப் வூர்ஹீஸின் பெயர்தான்.

எதிரணி மட்டும் அந்நியம் என்று சொல்ல முடியாது. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் தாத்தா ஜான் ஸ்கடர் 1811-இல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றவர். ஐடா ராணிப்பேட்டையில் பிறந்தது 1870 டிசம்பரில், அதாவது இந்த இரண்டு ஆட்டமும் முடிந்து ஒரு வருஷம் கழித்து. ஆக இரண்டு அணிக்கும் நம் ஊரில் சொந்தம் உண்டு. வகுப்பில் யாருக்குக் கைதட்டுவது என்பதை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறேன்.

மோதல் எப்படி வந்தது

ரட்கர்ஸ் இருப்பது நியூ பிரன்ஸ்விக் நகரத்தில். பிரின்ஸ்டன் அங்கிருந்து ஏறக்குறைய வேலூரிலிருந்து ராணிப்பேட்டை போகிற தூரம். பக்கத்து ஊர்க் கல்லூரிகளுக்கு நடுவே என்ன இருக்குமோ அது அவர்களுக்கு நடுவிலும் இருந்தது. 1866-இல் பேஸ்பால் ஆட்டத்தில் பிரின்ஸ்டன் 40-2 என்று ரட்கர்ஸை நொறுக்கியிருந்தது. பேஸ்பாலில் ஈடுகொடுக்க முடியாது என்று தெரிந்துபோன ரட்கர்ஸ் மாணவர்கள், கால்பந்தாட வருகிறீர்களா என்று சவால் விட்டார்கள்.

இந்த இடத்தில் மாணவர்களை ஒரு நிமிஷம் நிறுத்துவேன். தோற்ற ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு ஆட்டத்துக்குக் கூப்பிட்டது முதல் புத்திசாலித்தனம். சவால் விட்டவர்கள் முதல் ஆட்டத்தைத் தங்கள் கிரவுண்டில், தங்கள் விதியில் வைத்துக்கொண்டது இரண்டாவது. பதிலுக்கு, அடுத்த ஆட்டம் பிரின்ஸ்டன் கிரவுண்டில் பிரின்ஸ்டன் விதியில் என்று ஒப்புக்கொண்டார்கள். பார்க்க நியாயமான பங்கீடுதான். ஆனால் அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று இரண்டாவது ஆட்டத்தில் தெரியும்.

ரட்கர்ஸ் கேப்டன் வில்லியம் லெகட், பின்னாளில் திருச்சபைப் போதகர் ஆனவர். பிரின்ஸ்டன் கேப்டன் வில்லியம் கம்மியர், பின்னாளில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. போதகருக்கும் நீதிபதிக்கும் நடந்த வழக்கு என்று வகுப்பில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

விதிகள்

இந்த நிகழ்வில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். கோல் போட்ட கதையைவிட இதில் பாடம் அதிகம்.

மைதானம் 360 அடி நீளம், 225 அடி அகலம். மீட்டரில் ஏறக்குறைய 110-க்கு 68. இன்றைய சர்வதேச ஆட்டங்களில் வழக்கமாகப் பார்க்கும் 105-க்கு 68 அளவுக்கு மிக அருகில் வருகிறது. கோல் கம்பங்களுக்கு நடுவே எட்டுத் தப்படி தூரம். ஒரு தப்படிக்கு மூன்றடி என்று வைத்தால் 24 அடி, இன்றைய 7.32 மீட்டர்.

இதுவரை நம் ஆட்டம்தான். அடுத்த வரியில் தலை சுற்றும். ஒரு பக்கத்துக்கு 25 பேர். இன்று 22 பேர் ஓடுகிற அதே பரப்பில் அன்று 50 பேர். நடுவர்களாக நான்கு ஜட்ஜ், இரண்டு ரெஃப்ரி. பந்தைத் தூக்கி எறியக் கூடாது, எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது, பிடித்து வைக்கக் கூடாது. காலால் உதைக்கலாம், தலையால் முட்டலாம், கையால் தட்டலாம். காலை வாரிவிடுவதும் ஆளைப் பிடித்து நிறுத்துவதும் தடை. ஃப்ரீ கிக், அதாவது எதிரணி இடைஞ்சல் இல்லாமல் பந்தை உதைக்கும் வாய்ப்பு, கிடையாது. கடைசியில் சொன்ன இந்த விதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபவுல் நடந்தால் என்ன தண்டனை? ஃபவுல் செய்த அணியே பந்தை நேராக மேலே தூக்கிப் போட வேண்டும். பக்கவாட்டில் பந்து வெளியே போனால், வெளியே உதைத்த அணியே திரும்ப உள்ளே உதைக்கும். இன்றைய த்ரோ-இன் முறைக்கு நேர்மாறு. நெருக்கடி வந்தால் பந்தை வெளியே அடித்துவிட்டு மூச்சு வாங்குகிற நம் பேக்குகளுக்கு, அதாவது தடுப்பு ஆட்டக்காரர்களுக்கு, இது சொர்க்கம். அடித்தபின் பந்தும் அவர்களுக்கே வரும்.

ஆஃப்சைடு என்ற பேச்சே அந்தப் பட்டியலில் இல்லை. லண்டனில் 1863-இல் எழுதிய விதிகளில் பந்துக்கு முன்னால் நிற்பவன் ஆட்டத்தில் சேரவே முடியாது என்று கறாராக இருந்தது. ரட்கர்ஸ்காரர்கள் அங்கிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டாலும் இதை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் விளைவு அணி அமைப்பிலேயே தெரிகிறது. 25 பேரில் இரண்டு பேர் எதிரணி கோல் பக்கத்திலேயே நிரந்தரமாக நிற்பார்கள். பதினொரு பேர் தங்கள் பகுதியைக் காப்பார்கள். மீதி 12 பேர் பந்து போகிற இடமெல்லாம் போய் முட்டி மோதுவார்கள். அவர்களுக்கு ‘புல்டாக்’ என்றே பெயர்.

நேரக் கணக்கு கிடையாது. கோல் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆட்டம் முடியும். ஒவ்வொரு கோலையும் தனி ஆட்டமாகவே எண்ணினார்கள். இதுவும் முக்கியம். கடைசிப் பத்து நிமிஷம் கட்டையைப் போட்டு ஓட்டிவிடலாம் என்ற உத்திக்கே இடமில்லை. 4-4 என்றால் யாராவது கோல் போட்டுத்தான் தீர வேண்டும்.

நவம்பர் 6: 6-4

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நியூ பிரன்ஸ்விக்கில் ஆட்டம். பார்க்க வந்தவர்கள் நூறு பேர் அளவில். சிலர் வேலி மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஜெர்சி என்று எதுவும் இல்லை. கோட்டையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார்கள். ஐம்பது பேரில் நம்மாள் யார் என்று தெரிய வேண்டுமே, ரட்கர்ஸ்காரர்கள் தலையில் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். இந்தச் செய்தியைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு வரும், ஆனால் இதிலும் ஒரு கணக்கு உண்டு. கூட்டத்தில் நிமிர்ந்து பார்த்த மாத்திரத்தில் தன் ஆளைக் கண்டுபிடிக்கிற அணிக்கு அரை நொடி மிச்சம்.

ஆட்டம் தொடங்கிய ஐந்து நிமிஷத்துக்குள் ரட்கர்ஸ் முதல் கோலைப் போட்டது. பந்தை நடுவில் வைத்துச் சுற்றிலும் ஆட்கள் நெருக்கமாகச் சேர்ந்து, ஒரே திரளாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். பிரின்ஸ்டனுக்கு இது எதிர்பாராதது. ஆள் ஆளாக நின்று தடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை.

பிரின்ஸ்டனிடம் உயரமான, கனமான ஆட்கள் அதிகம். அதில் ‘பிக் மைக்’ என்று கூப்பிடப்பட்ட ஒருவர் அந்தத் திரளுக்குள் பாய்ந்து உடைத்துக்கொண்டு போனார். திரள் கலைந்தது, கோல் சமமானது. ரட்கர்ஸ் பக்கம் மேடிசன் பால் என்பவர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டு வந்தவர். பந்துக்கு முன்னால் ஓடிப்போய் நின்று குதிகாலால் பின்பக்கம் தட்டிவிடுவது அவர் பாணி. இப்படியே மாறி மாறிப் போனது. ஒரு கட்டத்தில் பிக் மைக்கும் ரட்கர்ஸின் ஜார்ஜ் லார்ஜும் பந்தைத் துரத்திக்கொண்டு போய் வேலியிலேயே மோத, வேலி சாய்ந்து மேலே உட்கார்ந்திருந்தவர்களும் விழுந்தார்கள். பந்து வெளியே போனால் உதைத்தவருக்கே என்ற விதி இல்லாவிட்டால் அவ்வளவு தூரம் துரத்தியிருப்பார்களா என்பது என் சந்தேகம். நம் ஊரில் கோட்டுக்குப் பக்கத்திலேயே பைக்கை நிறுத்தி அதன் மேல் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பவர்களுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

4-4. இங்கேதான் லெகட் யோசித்தார். எதிரணி உயரம். பந்து மேலே போகும்போதெல்லாம் அவர்களுக்குத்தான் கை எட்டுகிறது. கையால் தட்டலாம் என்ற விதி இருக்கும்வரை உயரமானவனோடு ஆகாயத்தில் போட்டி போடுவது வீண். பந்தைத் தரையிலேயே வைத்து ஆடுங்கள் என்று சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு கோலும் ரட்கர்ஸுக்கு. 6-4.

இந்த முடிவை மாணவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு எல்லாக் கோச்சும் சொல்வதுதானே என்கிறார்கள். அன்று கோச் என்று ஒருவர் இல்லை. முன்மாதிரி ஆட்டம் எதுவும் இல்லை, வீடியோ இல்லை. ஐம்பது பேர் இரைச்சலுக்கு நடுவில், தானும் ஓடிக்கொண்டே, எட்டு கோலும் எப்படி விழுந்தன என்று மனதில் ஓட்டிப் பார்த்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றினார். ஆளை மாற்றவில்லை, இடத்தை மாற்றவில்லை. பந்தின் உயரத்தை மட்டும் மாற்றினார். நம் கேப்டன்கள் சமநிலையில் இருக்கும்போது செய்வது என்ன? கையைத் தட்டி, ‘கமான் கமான்’ என்று கத்துவது. அதில் உள்ளே இருப்பவனுக்கு எந்தத் தகவலும் இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரவு எட்டு மணிக்கு விருந்தாளிகள் சந்தோஷமாகத்தான் கிளம்பினார்கள், ஆனால் அடுத்த தடவை விடமாட்டோம் என்ற வெறியோடு, என்று ரட்கர்ஸ் மாணவர் பத்திரிகை எழுதியது.

நவம்பர் 13: 8-0

ஒரே வாரம். அதே ஆட்கள்தான் பெரும்பாலும். இடம் பிரின்ஸ்டன், விதியும் பிரின்ஸ்டனுடையது. முடிவு 8-0.

ஒரு வாரத்தில் ஒரு அணி இவ்வளவு கெட்டுப்போகுமா? மாறிய விதி ஒன்றைப் பார்த்தால் போதும். பிரின்ஸ்டன் விதிப்படி, பறந்து வரும் பந்தைத் தரையில் படாமல் சுத்தமாகப் பிடித்தால், பிடித்தவருக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு ஃப்ரீ கிக் உண்டு. ரட்கர்ஸ் விதியில் இது இரண்டு வகையில் தடை: பந்தைப் பிடித்து வைக்கவும் கூடாது, ஃப்ரீ கிக்கும் கிடையாது.

இப்போது உயரமானவர்களின் கையில் என்ன வந்தது என்று பாருங்கள். முந்தின வாரம் உயரத்தால் கிடைத்தது பந்தை ஒரு தட்டுத் தட்டும் வாய்ப்பு மட்டும். இந்த வாரம் அதே உயரத்துக்கு ஒரு முழு ஃப்ரீ கிக் பரிசு. அந்தக் கிக்கை எதிரணி கோல் பக்கம் உயரத் தூக்கி அடித்தால், அங்கே நிற்கிற உயரமானவன் மறுபடி பிடிப்பான், மறுபடி கிக். பந்து தரைக்கே வர வேண்டியதில்லை. தரையில் ஆடுங்கள் என்ற லெகட்டின் உத்தி, பந்து தரையில் கிடைத்தால்தானே வேலை செய்யும்?

இது என் விளக்கம். கோல் கோலாகப் பிரித்துச் சொல்லும் அளவுக்கு இரண்டாவது ஆட்டத்தைப் பற்றி நான் விரிவாகப் பேசுவதில்லை, பேசத் தேவையும் இல்லை. 6-4 என்பது நெருக்கமான ஆட்டம். 8-0 என்பது ஒரு பக்கம் ஆடி மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்ற ஆட்டம். ஏழு நாளில் திறமை அவ்வளவு நகராது. நகர்ந்தது விதி.

வகுப்பில் ஒரு மாணவர் இதை மறுத்தார். சொந்த கிரவுண்டு, சொந்தக் கூட்டம், பயணக் களைப்பு இதெல்லாம் கணக்கில் வராதா என்றார். வரும். ஆனால் முதல் ஆட்டத்தில் அந்த வசதி எல்லாம் ரட்கர்ஸுக்கு இருந்தும் 4-4 வரை இழுத்ததே. வெறும் கிரவுண்டு வசதி அவ்வளவு பெரியதென்றால் அங்கேயும் 8-0 வந்திருக்க வேண்டும். விதியும் கிரவுண்டும் சேர்ந்தபோதுதான், அதுவும் உடல்வாகுக்குப் பொருந்தியபோதுதான், இடைவெளி அவ்வளவு ஆனது.

அதற்குப் பிறகு ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை மறுபடி ஜெயித்தது எப்போது தெரியுமா? 1938-இல், 20-18. அதற்குள் ஆட்டம் முட்டைப் பந்து, பதினொரு பேர், டச்-டவுன் என்று அடையாளமே தெரியாமல் மாறிவிட்டிருந்தது. 69 வருஷம் ஒரே ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு காலம் ஓட்டினார்கள். 1869-இன் சாம்பியன் யார் என்று பின்னாளில் எழுதப்பட்ட பட்டியல்களிலும் ஒற்றுமை இல்லை. சிலவற்றில் பிரின்ஸ்டன் மட்டும், ஒன்றில் இரண்டு பேரும்.

நம் கிரவுண்டில் இது எப்படிப் பொருந்தும்

விதி இப்போது உலகம் முழுக்க ஒன்றுதானே, இந்தப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். ஒன்றுதான், ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

மைதான நீளம் 90 மீட்டரிலிருந்து 120 வரை இருக்கலாம். அகலம் 45-இலிருந்து 90 வரை. அகலத்தில் பாருங்கள், ஒன்றுக்கு இரண்டு மடங்கு. ஓரத்தில் ஓடக்கூடிய விங்கர்களை நம்பியிருக்கும் அணியை 45 மீட்டர் அகல கிரவுண்டில் இறக்கினால் அவர்கள் ஓட இடமே இல்லை. அப்படிக் கோடு போட்டவர் எந்த விதியையும் மீறவில்லை. எதிரணி கிரவுண்டுக்குப் போனால் வார்ம்-அப்புக்கு முன்பே ஓரக் கோட்டிலிருந்து ஓரக் கோட்டுக்கு எட்டு வைத்து அளந்து வா என்று விங்கர்களிடமே சொல்லி அனுப்புவது இதனால்தான்.

பந்தின் காற்றழுத்தம் இன்னொன்று. விதி அனுமதிப்பது 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர், பம்ப் கேஜில் பார்த்தால் ஏறக்குறைய 8.5 முதல் 15.6 psi வரை. இரண்டு முனையிலும் இருக்கும் பந்துகள் இரண்டு வேறு பந்துகள் என்றே சொல்லலாம். லெகட் சொன்னதை நம் பையன்களிடம் சொன்னபோது ஒருவன் கேட்டான்: “சார், பந்தைத் தூக்காதேன்னு நீங்க சொல்லிடுவீங்க. நம்ம கிரவுண்டுல பந்து தானாவே தூக்குதே, அதை யார்கிட்ட சொல்றது?” அவன் கேட்டது சரி. புல் இல்லாத, வெயிலில் காய்ந்து இறுகிய செம்மண் தரையில் காற்று நிறைந்த பந்து குத்தினால் நெஞ்சுயரத்துக்கு எழும்பும். தரையில் ஆடும் உத்திக்குத் தரையும் ஒத்துழைக்க வேண்டும். அதனால் இப்படிப்பட்ட கிரவுண்டில் விதிக்கு உட்பட்டுக் குறைந்த பக்கம் காற்று வைக்கலாமா என்று ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. கேட்டால்தான் பேச்சே தொடங்கும். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, பந்து எப்படி வந்ததோ அப்படியே ஆடுகிறோம்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. கூலிங் பிரேக் என்று 90 நொடியிலிருந்து மூன்று நிமிஷம் வரை நிறுத்தலாம் என்று விதியிலேயே இருக்கிறது, ஆனால் போட்டி விதிகளில் அதைச் சேர்த்திருக்க வேண்டும். அணி மேனேஜர்கள் கூடிப் பேசும் மேனேஜர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால்தான் சேரும். மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் என்பதும் அப்படித்தான். பெரிய போட்டிகளில் ஐந்து என்று கணக்கு. மற்ற ஆட்டங்களில் இரண்டு அணியும் பேசி முடித்து நடுவருக்குச் சொல்லிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளலாம். பெஞ்சில் ஆள் வைத்திருக்கும் அணிக்கு இது லாபம், பதினைந்து பேரைத் திரட்டவே திணறுகிற அணிக்கு நஷ்டம். தன் அணி எந்த வகை என்று தெரிந்துகொண்டுதான் பேச உட்கார வேண்டும்.

பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமென்ட்டுகளைப் பற்றித் தனியாகவே ஒரு ஆய்வு எழுதலாம். ஒரு ஊரில் ஆஃப்சைடு உண்டு, அடுத்த ஊரில் இல்லை. ஓர் இடத்தில் த்ரோ, இன்னோர் இடத்தில் கிக்-இன். எங்கோ வெறுங்கால்தான் என்பார்கள், பூட்ஸோடு போனவன் விழிப்பான். 1869-இன் நேரடி வாரிசு என்றால் அது பல்கலைக்கழகப் போட்டியைவிடச் செவன்ஸ்தான். சவால் விட்டவர் விதி, சாப்பாடும் அவர்களே போடுவார்கள்.

கோச்சிங் என்றாலே கோன் வைத்து ஓடுவதும் ஷூட்டிங் பயிற்சியும்தான் என்று நினைக்கிற உடற்கல்வி மாணவர்கள் மேனேஜர் கூட்டத்தை டீ குடிக்கிற இடமாகப் பார்க்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அணியில் நன்றாகப் படிக்கிற பையன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்பது என் யோசனை. வக்கீல் வீட்டுப் பையன் இருந்தால் இன்னும் நல்லது.

நடக்காத மூன்றாவது ஆட்டம்

ஆளுக்கு ஒன்று ஜெயித்தாயிற்று. மூன்றாவதில் தீர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. அது நடக்கவில்லை. பையன்கள் படிப்பை விட்டுவிட்டு இதிலேயே கிடக்கிறார்கள் என்று இரண்டு கல்லூரி ஆசிரியர்களும் கவலைப்பட்டதுதான் காரணம் என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) கையெழுத்துக்காக, ஆட்டத்துக்குப் போக அனுமதி கேட்கும் ஓ.டி. படிவத்தோடு வராந்தாவில் காத்து நின்ற எந்த ஆட்டக்காரனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஆய்வின் கேள்வியாக வகுப்பில் நான் வைப்பது இதுதான்: ஆசிரியர்கள் விட்டிருந்தால், மூன்றாவது ஆட்டத்தை எந்த விதியில் ஆடியிருக்க வேண்டும்? டாஸ் போடலாம் என்பது முதலில் வரும் பதில். அப்படியானால் சாம்பியனை நாணயம் தீர்மானிக்கிறது. முதல் பாதி உன் விதி, இரண்டாம் பாதி என் விதி என்பது அடுத்தது. நேரக் கணக்கே இல்லாத ஆட்டத்தில் பாதி எங்கே வரும் என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவர் மடக்கினார். பொதுவான ஒரு மைதானம், கோட்டை மைதானம் மாதிரி, விதி இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது என்றார் இன்னொருவர். சரி, அந்தச் சேர்ந்து எழுதிய விதியில் ஃப்ரீ கிக் இருக்குமா இருக்காதா என்று கேட்டேன். அதோடு வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. குள்ளமானவர்கள் ஒரு பக்கம், உயரமானவர்கள் ஒரு பக்கம்.

அமெரிக்காவிலும் அதேதான் நடந்தது. 1870-இல் கொலம்பியா கல்லூரியும் ஆட்டத்துக்கு வந்தது. ஆளுக்கு ஒரு விதி என்று எத்தனை நாள் ஓட்டுவது என்று 1873 அக்டோபரில் பிரின்ஸ்டன், ரட்கர்ஸ், யேல், கொலம்பியா ஆகிய நான்கும் நியூயார்க்கில் உட்கார்ந்து பொது விதி எழுதின. ஒரு பக்கத்துக்கு 25 பேர் என்பது இருபதானது. ஹார்வர்டு அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு ஓட விடுகிற தங்கள் ஊர் விதியை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. அடுத்த வருஷம் மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைத் தங்கள் ஊருக்கு வரவழைத்து, முதல் நாள் தங்கள் விதியில் ஆடி 3-0 என்று ஜெயித்தார்கள். மறுநாள் மெக்கிலின் ரக்பி விதியில் ஆடினார்கள், 0-0. ஜெயித்த விதியை விட்டுவிட்டு, ஜெயிக்காத அந்த ரக்பி விதியைத்தான் ஹார்வர்டு பிடித்துக்கொண்டது. 1876-இல் பிரின்ஸ்டனும் அதன் பக்கம் சாய்ந்தது.